சுட்ட காய் வேணுமா... சுடாத காய் வேணுமா?

‘சாலட்’னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் ஓடுது? வட்டமா நறுக்கின நாலு வெள்ளரிக்காய், ரெண்டு தக்காளி, ஓரமா ஒரு கேரட், நடுவுல ஒரு எலுமிச்சைத் துண்டு. கல்யாண ரிசப்ஷன்ல பிரியாணிக்குப் பக்கத்துல அழகுக்கு அடுக்கி வெச்சிருப்பாங்களே... அதேதான்! அதை மட்டும் சாப்பிட்டுட்டுப் படுத்தா, ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு எழுந்து உட்கார்ந்து ‘மச்சி, டின்னர் எப்போ?’னு கேட்கும். அப்புறம் என்ன... பரோட்டா கடைதான்!

தப்பு சாலட் மேல இல்லை பாஸ். நாம அதைப் புரிஞ்சுக்கிட்ட விதத்துலதான் இருக்கு. சாலட்ங்கிற வார்த்தையே லத்தீன்ல உப்புக்கான ‘சால்’லேர்ந்து வந்தது. உப்புப் போட்டுப் புரட்டினதுன்னு அர்த்தம். அவ்வளவுதான். பச்சையா இருக்கணும், இலை தழையா இருக்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது.

முருகன் நாவல் மரத்து மேல உட்கார்ந்து ஔவைப் பாட்டிகிட்ட கேட்ட மாதிரி இப்போ உங்ககிட்ட ஒரு கேள்வி. சுட்ட காய் வேணுமா, சுடாத காய் வேணுமா? யோசிக்காம ‘சுட்ட காய்’னு சொல்லிடுங்க. கூடவே ரெண்டு கைப்பிடி பயறும் கேளுங்க. நெருப்பும் பருப்பும் சேர்ந்துட்டா சாலட்ங்கிறது சைடு டிஷ் இல்லை... முழுச் சாப்பாடு! பால், தயிர், முட்டை, கறி எதுவும் வேண்டாம். ப்ரோக்கோலி, அவகாடோ, ஆலிவ் ஆயிலும் வேண்டவே வேண்டாம். தேவையானதுல பெரும்பகுதி புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே விளையுது. நம்ம காலேஜ் பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகுது.

பேர்லயே இருக்கான் பரங்கி!

‘சாலட்டா? அது ஃபாரின் சமாச்சாரமாச்சே!’னு ரூம்மேட் கிண்டல் பண்ணினா, பரங்கிக்காயைத் தூக்கி அவர் முன்னாடி வைங்க. ஐரோப்பாக்காரனைத்தான் அந்தக் காலத்துல பரங்கின்னு கூப்பிட்டாங்க. அவன் கொண்டுவந்த காய் பரங்கிக்காய். பரங்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, தக்காளி, மிளகாய்... இந்தப் பட்டியல் மொத்தமும் அமெரிக்கக் கண்டங்கள்ல பிறந்து, சுமார் ஐந்நூறு வருஷத்துக்குள்ள கப்பல் ஏறி நம்ம ஊருக்கு வந்தவைதான். இன்னிக்கு மிளகாய் இல்லாத குழம்பையும், கடலை இல்லாத புதுக்கோட்டைச் செம்மண்ணையும் நினைச்சுப் பார்க்க முடியுமா?

இந்தப் பக்கத்து மண்ணின் மைந்தர்களும் இருக்காங்க. கத்திரிக்காய், பச்சைப்பயறு, பலா. ஆக, நாம செய்யப்போற சாலட்டுல பாதிப் பேர் விருந்தாளிகள், பாதிப் பேர் வீட்டுக்காரங்க. எல்லாரும் நம்ம ஊர்ச் சந்தையில ஒரே சாக்கு விரிப்புலதான் உட்கார்ந்திருக்காங்க.

புதுக்கோட்டை தண்ணி கொழிக்கிற மாவட்டம் இல்லை. கல்லணைக் கால்வாய்த் தண்ணி ஒரு பகுதிக்குத்தான் வரும். மத்த இடமெல்லாம் கண்மாயையும், ஆழ்குழாயையும், வானத்தையும் நம்பித்தான். அதனாலயே இங்கே கடலையும் பயறும் செல்லப்பிள்ளைகள். ரெண்டுக்கும் நெல்லு அளவுக்குத் தண்ணி வேண்டாம். ஆலங்குடி பக்கத்துல வம்பன்னு ஒரு ஊர் இருக்கே... பேரை வெச்சு ‘வம்பு பண்றவங்க ஊரா?’னு ஜோக் அடிச்சிருப்பீங்க. அங்கேதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கு. வம்பன் 8 உளுந்துன்னு எந்த விவசாயிகிட்ட சொன்னாலும் தெரியும். மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி நிக்கிற ரகம் அது. நம்ம மாவட்டத்து ஊர்ப்பேரைச் சுமந்துக்கிட்டு விதை மூட்டை எங்கெங்கேயோ போகுது. நாமளோ புரதத்துக்கு டப்பா பவுடர் தேடிக்கிட்டு இருக்கோம்!

ஏன் சுடணும்? ஒரு மினி தெர்மோ க்ளாஸ்

பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு ஆழமாப் போகலை.

பரங்கிக்காயில பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான். அதை வேகவெச்சா தண்ணிக்குள்ள தண்ணி. சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. காய் குழையும், நிறம் மாறாது, மணமும் பெருசா வராது. ஆனா காயோட மேற்பரப்பு காய்ஞ்சு 140 டிகிரிக்குப் பக்கத்துல போச்சுன்னா கதையே வேற. அங்கே இருக்கிற சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கைகோத்து நூத்துக்கணக்கான புது மணங்களை உண்டாக்கும். இதை 1912ல விளக்கினவர் லூயி காமில் மயார்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி. அதனால இதுக்கு ‘மயார் வினை’ன்னு பேர். தோசை முறுகும்போது வர்ற வாசனை, காபிக் கொட்டை வறுபடும்போது வர்ற வாசனை... எல்லாம் இவர் டிபார்ட்மென்ட்தான்!

சரி, அந்த மேற்பரப்பு ஏன் சுலபத்துல காயுறதில்லை? ஒரு கிராம் தண்ணியை 30 டிகிரியிலேர்ந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 293 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வேணும். ஏழு மடங்குக்கும் மேல! தோசைக்கல் மேல காயை மலை மாதிரி குவிச்சா, கல்லோட சூடு முழுக்க இந்த ஆவிக்கே செலவாயிடும். மேல இருக்கிற காய் கீழே இருக்கிற காயோட ஆவியில வேகும். பேர்தான் ரோஸ்ட், உண்மையில அது இட்லிப் பானை!

அதனால முதல் விதி: காய்களுக்கு நடுவுல விரல் அளவு இடைவெளி. ரெண்டாவது விதி: மூடி போடாதீங்க. மூணாவது விதி: நிமிஷத்துக்கு ஒரு தரம் கிளறாதீங்க. ஒரு பக்கம் நிறம் மாறட்டும், அப்புறம் திருப்புங்க. நாலாவது விதி: உப்பைக் கடைசியில போடுங்க. முதல்லயே போட்டா உப்பு காய்க்குள்ள இருக்கிற தண்ணியை வெளியே இழுத்துடும்.

இந்த விதிகளுக்கு ஒரே விதிவிலக்கு, சர்க்கரைவள்ளி. அதுக்குள்ள ஒரு நொதி இருக்கு. சுமாரா 60லேர்ந்து 75 டிகிரிக்குள்ள அது மாவுச்சத்தை மால்டோஸ்ங்கிற சர்க்கரையா மாத்தும். அவசரமா தீயைக் கூட்டினா அந்த நொதி வேலையை முடிக்கிறதுக்கு முன்னாடியே செத்துடும். கொஞ்ச நேரம் மூடி போட்டு, சிறு தீயில பொறுமையா விட்டா, கிழங்கு தானா இனிக்கும். அடுப்புச் சாம்பலுக்குள்ள கிழங்கைப் புதைச்சு வெச்சு எடுப்பாங்களே நம்ம அம்மாச்சி... அவங்க எந்த நொதியையும் படிக்கலை. ஆனா ரிசல்ட்ல சென்டம்!

ஆதனக்கோட்டை நெருப்பு

புதுக்கோட்டையிலேர்ந்து தஞ்சாவூர் போற ரோட்டுல ஆதனக்கோட்டை வரும்போது பஸ்ஸுக்குள்ளேயே ஒரு மணம் நுழையும். ரோட்டோரமா முந்திரியை ஓட்டோட வறுத்து, ஒவ்வொண்ணா தட்டி உடைச்சுப் பருப்பெடுத்து விக்கிற பெண்களை நீங்க பார்த்திருப்பீங்க. பாக்கெட் வாங்கியிருப்பீங்க. அந்தப் புகைக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

முந்திரிக்கொட்டையோட ஓட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு. தோல்ல பட்டா புண்ணாக்கிடும், அவ்வளவு காரம். வறுக்கும்போது அந்த எண்ணெய் கசிஞ்சு தீப்பிடிச்சு எரியும். அந்தப் புகை கண்ணுல அடிக்கும். அத்தனைக்கும் நடுவுல கருகாம, உடையாம முழுப் பருப்பா எடுக்கிறது விளையாட்டு இல்லை. கையில கறையோட உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கச் செய்யுற வேலை அது. நெருப்பு வெறும் ருசிக்காக இல்லை, சில பொருளைச் சாப்பிட லாயக்காக்குறதே நெருப்புதான்ங்கிறதுக்கு ஆதனக்கோட்டையை விடப் பெரிய பாடம் கிடையாது. ‘ஏங்க்கா, கொஞ்சம் குறைச்சுக் கொடுங்களேன்’னு பேரம் பேசறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க.

முக்கியமான விஷயம்: ஓட்டோட இருக்கிற முந்திரியை ரூம்ல வறுத்துப் பார்க்கிற வீரதீரமெல்லாம் வேண்டாம். வறுத்த பருப்பாவே வாங்கிடுங்க. பர்ஸ் இளைச்சிருக்கிற மாசக் கடைசியில முந்திரி இல்லாட்டியும் பரவாயில்லை, கடலை கை கொடுக்கும்.

பலாக்கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க!

நம்ம சாலட்டோட சூப்பர் ஸ்டார் இவர்தான். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் கோடையில பலாப்பழ மணம்தான். பழத்தைச் சாப்பிட்டுட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடறது நம்ம வழக்கம். ஆனா கொட்டையில மாவுச்சத்து நிறைய, புரதமும் கொஞ்சம் இருக்கு. சுட்டா கிழங்குக்கும் கடலைக்கும் நடுவுல ஒரு ருசி. வயிறு ‘திம்’முனு ஆகிடும்.

இந்தக் கொட்டைக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கு. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில கஜா புயல் கரை கடந்து இந்தப் பக்கமா வந்தப்போ, தென்னையோட சேர்ந்து பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சது. அப்போ நாமெல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்தோம். கரன்ட் இல்லாத ராத்திரிகள் இந்த மாவட்டத்துப் பசங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். கத்திரிச் செடி போனா மூணு மாசத்துல அடுத்த காய் பார்க்கலாம். பலா அப்படி இல்லை. ஒட்டுக் கன்னு வெச்சாலே காய்க்க சில வருஷம் ஆகும். விதை போட்டு வளர்த்தா இன்னும் அதிகம். விழுந்த மரத்துக்குப் பதிலா கன்னு நட்டுட்டுக் காத்திருந்த குடும்பங்களோட பொறுமைதான் இன்னிக்குச் சந்தைக்கு வர்ற பழம். அதுல பாதியைக் குப்பைக்கு அனுப்பலாமா? கொட்டையைக் கழுவி நிழல்ல காய வெச்சா சில வாரம் வரைக்கும் வெச்சுச் சாப்பிடலாம்.

ஓகே... வாங்க, அடுப்பைப் பத்த வைக்கலாம்!

ரெண்டு பேருக்கு (அல்லது பசியோட இருக்கிற ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்டுக்கு!) தேவையானவை:

பரங்கிக்காய் - 200 கிராம்
சர்க்கரைவள்ளிக்கிழங்கு - 200 கிராம்
கத்திரிக்காய் - 150 கிராம்
சின்ன வெங்காயம் - 100 கிராம்
தக்காளி - 100 கிராம்
முருங்கைக்கீரை - 50 கிராம்
பச்சைப்பயறு - 100 கிராம்
பலாக்கொட்டை - 10 (சீசன் இருந்தா)
நிலக்கடலை - 40 கிராம்
பூண்டு 2 பல், காய்ந்த மிளகாய் 2, எலுமிச்சம்பழம் 1, சின்னத் துண்டு வெல்லம், உப்பு, கடலெண்ணெய் 4 டீஸ்பூன்.

முதல் நாள் ராத்திரி: பயறைக் கழுவி ஊற வைங்க. நேரம் இருந்தா மறுநாள் தண்ணியை வடிச்சு ஈரத் துணியில கட்டி முளைகட்டுங்க. முளைவிட்ட பயறுல வைட்டமின் சி கூடும். எப்படி இருந்தாலும் பச்சையா சாப்பிட வேண்டாம். இட்லித் தட்டுல பத்து நிமிஷம் ஆவியில வேக வைங்க. பயறு மெத்துனு ஆகணும், கஞ்சியாகக் கூடாது.

கடலை: இருப்புச்சட்டியில எண்ணெய் இல்லாம சிறு தீயில வறுங்க. தோல்ல அங்கங்கே கரும்புள்ளி வந்து, தேய்ச்சா தோல் கழண்டா போதும். ரோட்டோரத் தள்ளுவண்டியில மணல்ல கடலை வறுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மணல் கடலையைச் சுத்திலும் சூழ்ந்துக்கிறதால எல்லாப் பக்கமும் ஒரே சூடு கிடைக்கும். நம்மகிட்ட மணல் இல்லை, அதனால கையை நிறுத்தாம வறுக்கணும்.

பலாக்கொட்டை: மேல இருக்கிற வெள்ளைத் தோலை உரிச்சுட்டு ஒவ்வொண்ணுலயும் கத்தியால ஒரு கீறல் போடுங்க. இது ரொம்ப முக்கியம். கீறல் இல்லாத கொட்டை ஒரு குட்டி பிரஷர் வெசல். உள்ளே ஆவி சேர்ந்து ‘டப்’புனு வெடிக்கும். உப்புத் தண்ணியில 20 நிமிஷம் வேகவெச்சு, வடிச்சு, கல்லுல போட்டு நிறம் மாறுற வரைக்கும் வறுத்தெடுங்க.

கிழங்கு: தோலை நல்லா தேய்ச்சுக் கழுவி, தோலோட ஒண்ணரை சென்டிமீட்டர் கனத்துல வட்டமா நறுக்குங்க. தோசைக்கல்லுல ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, அடுக்கி, மூடி போட்டு, சிறு தீயில எட்டு நிமிஷம். அப்புறம் மூடியை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் பொன்னிறமாகிற வரைக்கும் விடுங்க.

பரங்கி, வெங்காயம்: பரங்கியை ரெண்டு சென்டிமீட்டர் சதுரமா நறுக்குங்க. தோல் உரிச்ச வெங்காயத்தை முழுசா போடுங்க. மிதமான தீ, மூடி இல்லை, இடைவெளி உண்டு. ரெண்டு தவணையா சுட்டாலும் பரவாயில்லை.

கத்திரிக்காய்: எண்ணெய் தடவி, கத்தியால ரெண்டு இடத்துல குத்தி, நேரா தீயில காட்டி சுடுங்க. தோல் கருகி உள்ளே குழைஞ்சதும் தோலை உரிச்சுட்டு உதிர்த்து வைங்க. கொத்சுக்குச் சுடுற அதே டெக்னிக்தான். இந்தச் சுட்ட வாசனைதான் மொத்த சாலட்டுக்கும் உயிர்.

தக்காளி, கீரை: தக்காளியைப் பாதியா வெட்டி இருப்புச்சட்டியில கவுத்து வைங்க. புளிப்பான பொருள் இரும்புல வேகும்போது கொஞ்சம் இரும்புச்சத்தும் சாப்பாட்டுல சேரும். தக்காளியை எடுத்துட்டு அதே சூட்டுல கீரையைப் போட்டு ரெண்டு நிமிஷம் புரட்டி இறக்குங்க.

டிரெஸ்ஸிங்: இங்கிலீஷ் பேர்தான், சங்கதி நம்ம கடலைத் துவையல். வறுத்த கடலையில பாதி, மிளகாய், பூண்டு, வெல்லம், உப்பு சேர்த்து அரைச்சு, எலுமிச்சைச் சாறும் மீதிக் கடலெண்ணெயும் ஊத்தி, தண்ணி விட்டுத் தளர்த்துங்க. கரண்டியிலேர்ந்து வழியுற பதம்.

இப்போ அகலமான பாத்திரத்துல பயறைப் போட்டு, சூடா இருக்கிற காய்கள், கொட்டை, கீரை எல்லாத்தையும் சேர்த்து, டிரெஸ்ஸிங்கை ஊத்தி, உடையாம புரட்டுங்க. சூடா இருக்கும்போதே ஊத்தினாதான் காய் அதை உறிஞ்சும். மேல மீதிக் கடலையை உடைச்சுத் தூவுங்க. அப்பா லெட்டர் போட்ட மாதிரி... சாரி, அப்பா ஜிபே போட்ட மாதிரி சந்தோஷம் இருந்தா நாலு ஆதனக்கோட்டை முந்திரியும் போடுங்க!

ஒரு எச்சரிக்கை: பொன்னிறம் போதும், கரி வேண்டாம். மாவுச்சத்துள்ள பொருளை அதிகச் சூட்டுல ரொம்பக் கருக்கினா அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருள் உருவாகுதுன்னு 2002ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. கிழங்குல கருகின பகுதி இருந்தா சுரண்டி எடுத்துடுங்க.

வயிறு நிறையுமா? கணக்குப் போடுவோம்

இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் சொன்னா போதுமா? கால்குலேட்டர் சொல்லட்டும்.

100 கிராம் பச்சைப்பயறுல சுமார் 22லேர்ந்து 24 கிராம் புரதம். 40 கிராம் கடலையில சுமார் 10 கிராம். ரெண்டையும் கூட்டி, ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் குறைஞ்சது 16 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2020 பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராம் புரதம் வேணும். ஆக, ஒரு தட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு முடிஞ்சது. ஒரு நாளைக்கு மூணு வேளைங்கிறப்போ இது பாஸ் மார்க் இல்லை, ஃபர்ஸ்ட் க்ளாஸ்!

அடுத்தது காய்கறி. தினமும் குறைஞ்சது 400 கிராம் காயும் பழமும் சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கிழங்கு அந்தக் கணக்குல வராது. அதனால சர்க்கரைவள்ளியைக் கழிச்சுட்டு மத்த காயையும் கீரையையும் கூட்டினா 600 கிராம். ஆளுக்கு 300. ஒரே வேளையில முக்கால்வாசி டார்கெட் ஓவர். மெஸ் சாம்பார்ல மிதக்கிற ஒத்தை முருங்கைக்காயை வெச்சு இந்தக் கணக்கை எட்ட எத்தனை தட்டு சாம்பார் குடிக்கணும்னு நீங்களே பார்த்துக்கங்க!

இனிமே சொல்லப்போறதைத் தோழிகள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோட படிங்க. 2019-21ல எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. உங்க க்ளாஸ்ல இடது பக்க பெஞ்ச்ல ஒரு வரிசையைப் பாருங்க... ரெண்டுல ஒருத்தர்! மதிய க்ளாஸ்ல கண்ணைச் சொக்குதே, ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதே... எல்லாத்துக்கும் புரொஃபஸரோட லெக்சர்தான் காரணம்னு சொல்லிட முடியாது. ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. நம்ம மெஸ்ல ஜாஸ்தி சாப்பிடறது யாரு, ‘போதும் போதும்’னு எழுந்திரிக்கிறது யாரு? கணக்கு தலைகீழா இருக்கில்ல?

பயறு, கீரை மாதிரி தாவர உணவுல இருக்கிற இரும்பை உடம்பு சுலபமா எடுத்துக்காது. கூடவே வைட்டமின் சி இருந்தா நல்லா எடுத்துக்கும். இந்த சாலட்டுல எலுமிச்சையைப் பிழியச் சொன்னது அதுக்காகத்தான், ருசி போனஸ். அதே மாதிரி சாப்பிட்ட கையோட டீ, காபி குடிச்சா அதுல இருக்கிற டானின் மாதிரியான பொருள்கள் இரும்பைச் சேரவிடாம தடுக்கும். ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. டீக்கடை எங்கேயும் ஓடிடாது! ஆனா ஏற்கெனவே ரத்தசோகை இருந்தா சாலட் மட்டும் மருந்தாகாது. அரசு ஆஸ்பத்திரியிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும். வெட்கப்படாம போய்ப் பாருங்க.

இன்னொண்ணு... இங்கிலாந்துல 1944ல ‘வீகன்’ங்கிற வார்த்தை பிறந்துச்சு. பால், முட்டைகூட இல்லாம தாவர உணவு மட்டுமே சாப்பிடறவங்க. நம்ம காலேஜ்லயும் இப்போ சில பேர் அப்படி மாறிக்கிட்டு இருக்காங்க. வாரத்துல ரெண்டு நாள் இந்த மாதிரி சாப்பிட்டா எந்தக் கவலையும் இல்லை. ஆனா முழுசா மாறப்போறீங்கன்னா வைட்டமின் பி12 எங்கேர்ந்து வரும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாறுங்க. செடி கொடியிலேர்ந்து தேவையான அளவு அது கிடைக்காது.

ஹாஸ்டல்ல அடுப்பு ஏது பாஸ்?

நல்ல கேள்வி. ரூம்ல இண்டக்ஷன் ஸ்டவ் வைக்கக் கூடாதுன்னு உங்க ஹாஸ்டல்ல ரூல் இருந்தா, கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுச் சமைக்கிற ஹீரோயிசம் வேண்டாம். பழைய வயரிங்ல லோடு ஏத்தினா என்ன ஆகும்னு டிரிபிள்-ஈ நண்பரைக் கேளுங்க.

வேற வழி இருக்கு. மெஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்கே... நோட்டீஸ் போர்டுல பேர் மட்டும் இருக்குமே, அதை எழுப்புங்க! காலையில தோசை ஊத்தி முடிச்சதும் அந்தப் பெரிய தோசைக்கல் நல்லா சூட்டோட சும்மாதான் இருக்கும். எப்படியும் கூட்டுக்கு வாங்கின பரங்கிக்காய் மூட்டையா கிடக்கும். அதை வாரத்துல ஒரு நாள் அந்தக் கல்லுல சுட்டெடுக்கச் சொல்லுங்க. சாயங்காலச் சுண்டலுக்கு வேகவைக்கிற பயறுல அதைக் கலக்கச் சொல்லுங்க. கூடுதலா செலவாகுறது கடலையும் எலுமிச்சையும்தான். மெஸ் மாஸ்டர்கிட்ட ‘சாலட்’னு சொன்னா முறைப்பார். ‘மாஸ்டர்ண்ணே, சுண்டல்ல கொஞ்சம் சுட்ட காய் போட்டுத் தாங்கண்ணே’னு சொல்லுங்க, வேலை நடக்கும். காலையிலேர்ந்து அனல்ல நிக்கிற மனுஷர் அவர். காய் நறுக்க நாலு பேர் கூடப் போய் உட்கார்ந்தீங்கன்னா இன்னும் நல்லது.

வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்களுக்கு இன்னும் சுலபம். ஆளுக்கு ஒரு காய் வாங்கிட்டு வாங்க. 1999ல தொடங்கின உழவர் சந்தை புதுக்கோட்டையிலயும் இருக்கு. விளைவிச்சவங்ககிட்டயே வாங்கலாம். எந்தக் காய் மலிவோ அதுதான் அந்த வாரத்து சாலட். பரங்கி இல்லைன்னா சுரைக்காய் வேண்டாம், அதுல தண்ணி ரொம்ப ஜாஸ்தி. வாழைக்காய் போடுங்க, கீரமங்கலம் பக்கமிருந்து நிறைய வருது. பச்சைப்பயறு இல்லைன்னா தட்டைப்பயறு. கத்திரிக்காய் அலர்ஜின்னா வெண்டைக்காயை முழுசா சுடுங்க, வழவழப்பே இருக்காது. கடலை அலர்ஜி இருக்கிறவங்க கடலை, கடலெண்ணெய் ரெண்டையும் விட்டுட்டு எள்ளும் நல்லெண்ணெயும் போடலாம்... எள் ஒத்துக்கும்னா மட்டும்!

சித்தன்னவாசல் ஸ்பெஷல்

புதுக்கோட்டையிலேர்ந்து சுமார் 16 கிலோமீட்டர்ல சித்தன்னவாசல். செமஸ்டர் முடிஞ்சதும் பைக்ல போய், ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக்குளம் ஓவியத்தைப் பார்த்துட்டு, செல்ஃபி எடுத்துட்டு வந்திருப்பீங்க. அதே குன்றுல ஏழடிப்பட்டம் குகை இருக்கு. அங்கே வழவழன்னு செதுக்கின கல் படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருக்கு. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடி சமணத் துறவிகள் தங்கின இடம். எந்த உயிருக்கும் தீங்கு செய்யக் கூடாதுங்கிறதுதான் அவங்க அடிப்படைக் கொள்கை. கிழங்கைப் பிடுங்கினா செடியே போயிடும், மண்ணுல இருக்கிற சிற்றுயிர்களும் சாகும்னு, கண்டிப்பா விரதம் காக்குற சமணர்கள் இன்னிக்கும் கிழங்கு, வெங்காயம், பூண்டு தொடுறதில்லை. அப்படிப்பட்ட ஃப்ரெண்டு வந்தா சர்க்கரைவள்ளிக்குப் பதிலா வாழைக்காய், வெங்காயம் பூண்டுக்குப் பதிலா மிளகும் சீரகமும். வேற எதை விடணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்கங்க. ‘தாவர உணவு’ங்கிறது நேத்து இன்ஸ்டாகிராம்ல வந்த ஃபேஷன் இல்லைன்னு அந்தக் கல் படுக்கைகளே சாட்சி சொல்லும்!

ஒரு தட்டு சாலட்டை வெச்சு உலகத்தை மாத்திடலாம்னு சொல்லலை பாஸ். ஆனா வம்பன்ல பயறு, வடகாட்டுல பலா, ஆதனக்கோட்டையில முந்திரி, செம்மண் முழுக்கக் கடலைன்னு இருக்கிற ஒரு மாவட்டத்துல படிச்சுக்கிட்டு, நாலு வருஷமும் அரைப் பட்டினியோட மைதாவையே தின்னுட்டுப் போறது நல்லாவா இருக்கு? கான்வொகேஷன்ல டிகிரி வாங்கக் கை நீட்டும்போது அந்தக் கையில கொஞ்சம் ரத்தமும் ஓடணும் இல்லையா!

இந்த சனிக்கிழமை எண்ணெய் தடவின கத்திரிக்காயை அடுப்புத் தீயில காட்டுங்க. அந்த வாசனைக்குப் பக்கத்து ரூம்காரன் தட்டோட வந்து நிப்பான். நூறு கிராம் பயறு எக்ஸ்ட்ராவா ஊற வெச்சுடுங்க!